பி.ஏ. ஹிஸ்டரி படித்து என்ன பிரயோஜனம்?

"பொண்ணுக்கு பி.ஏ. ஹிஸ்டரிதான் கிடைச்சுது. ராஜா பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது?" என்று அங்கலாய்க்கும் தாய்மார்கள் பலர். வாஸ்தவம்தான். மனப்பாடம் மட்டும் என்றால் மூன்று வருஷமும் வீண்தான். ஆனால் அந்தப் படிப்பு கற்றுத் தர வேண்டியது வேறு. ஏற்காட்டை வைத்தே அதைச் சொல்லலாம்.

சீசனுக்கு அங்கே போனால், "காக்பர்ன் துரை கண்டுபிடிச்ச ஊருங்க இது" என்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த அவர் காப்பிப் பயிரை அங்கே கொண்டு வந்தார் என்பது சரி. கண்டுபிடித்தார் என்பது சரியா? அவருக்கு வெகுகாலம் முன்பே சேர்வராயன் மலையில் மலையாளிகள் பயிர் செய்து வாழ்ந்தார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் மலைவாழ் மக்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் வழி வந்தவர்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை. அதற்கும் முன்னால், புதிய கற்கால மனிதர்கள் தீட்டிய கல் கோடரிகள் இந்த மலையில் கிடைத்திருக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வு பெற்றபின் குடியிருந்ததும் ஏற்காட்டில்தான்.

ஆக, ஒரே ஊருக்கு மூன்று சாட்சிகள்: சர்க்கார் காகிதம், வாய்மொழிக் கதை, மண்ணில் கிடைத்த கல். காகிதம் எழுதியவர் வரி வசூலித்தவர். தனக்கு வேண்டியதைத்தான் எழுதியிருப்பார். கதை வாய்க்கு வாய் மாறும். கல்லோ தானாகப் பேசாது. எதையும் அப்படியே நம்பவும் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. 'யார் சொன்னது? எப்போது? எதற்காக? வேறு சாட்சி உண்டா?' இந்த நாலு கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் சரித்திரப் படிப்பு.

இந்தப் பழக்கம் பரீட்சையோடு போய்விடாது. "இந்தக் கஷாயத்தை ஒரு மண்டலம் குடிச்சா சர்க்கரை வியாதி போயே போச்சு, மாத்திரையை நிறுத்திடலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே! பாட்டி மாத்திரையை நிறுத்துமுன், "இதை யார் சொன்னது?" என்று தடுக்க வீட்டில் ஒருத்தி வேண்டாமா?

வேலைக்கு பி.எட்., சர்வீஸ் கமிஷன் பரீட்சை என்று வழிகள் உண்டு, அதற்கும் தயாராகட்டும். ஆனால் பெண் காலேஜிலிருந்து வந்ததும், "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அது எப்படிம்மா தெரியும்?" என்றும் கேளுங்கள். பாட்டி சொல்லும் குடும்பக் கதையையும் பரணில் கிடக்கும் பழைய பத்திரத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் பாடம் வீட்டிலேயே ஆரம்பமாகட்டும்.