தொங்குறவன் திமிரும் நியூட்டனின் முதல் விதியும்

"படியில தொங்குறவனுக்கெல்லாம் திமிர் சார், விழுந்தாத்தான் புத்தி வரும்." தாம்பரம் - கடற்கரை ரயில்ல உட்கார இடம் கிடைச்சவங்க மட்டுமே பேசுற வசனம் இது.

நான் பி.காம். இயற்பியல் பத்தாவதோட சரி. ஆனா இந்தத் தத்துவத்தை உடைக்க அதுவே போதும்.

2018 ஜூலை 24, பரங்கிமலை. மின்கம்பிக் கோளாறால திருமால்பூர் போற ரயிலை விரைவுத் தடத்துல திருப்பி விட்டாங்க. அந்தத் தடத்தை ஒட்டி நடைமேடை ஓரமா கான்கிரீட் சுவர். தொங்கிட்டு வந்தவங்க அதுல மோதி விழுந்தாங்க. குறைஞ்சது நாலு பேர் செத்தாங்க. உடனே ஊரே சொன்னது: "யார் தொங்கச் சொன்னது?"

சுவர் நகரலை, உண்மைதான். ஆனா தொங்குறவனைப் பொறுத்தவரை ரயில் என்ன வேகமோ அதே வேகத்துல சுவர் அவனை நோக்கி வருது. மணிக்கு 30 கி.மீ.ன்னா சுமார் மூன்றரை மீட்டர் உயரத்துல இருந்து விழுற அடி. 60 கி.மீ.ன்னா 14 மீட்டர், அதாவது நாலு மாடிக்கு மேல! வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்கு. (கூட்டு வட்டி கூட இவ்வளவு கொடூரம் இல்லீங்க.)

அப்புறம் அந்தக் கம்பி. அவனைத் தாங்குறதுல பெரும்பங்கு உராய்வு. வியர்வை பட்டா உராய்வு குறையும். ஈடுகட்ட இன்னும் இறுக்கிப் பிடிக்கணும், விரல் சோர்ந்து போகும். ரயில் தடம் மாறுறப்ப வண்டி பக்கவாட்டுல திரும்பும், உடம்பு நேராவே போகப் பார்க்கும். திருப்பி இழுக்க வேண்டியது அந்த நாலு விரல்தான். இதுல திமிர் எங்கே வருது? உள்ளே கால் வைக்க இடமில்லாதவன் கணக்கு இது.

நியூட்டன் சொன்னது, நகர்ற பொருளை மாத்த வெளியிலிருந்து ஒரு விசை வேணும்னு. அறிவிப்பு விசை இல்லை. ரயில்வே சட்டம் 156-ம் பிரிவுல இருக்குற மூணு மாச ஜெயில், 500 ரூபாய் அபராதமும் விசை இல்லை. மூடின கதவு விசை.

அந்தக் கதவு நம்ம ஊருக்கு வந்துச்சு, 2025 ஏப்ரல்ல, ஏசி ரயிலோட. சாதா ரயில்ல குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், அதுல 35. ஏசிக்குக் காசு வாங்குங்க, தப்பில்லை. உயிருக்கும் சேர்த்தா வாங்குவீங்க?

"ஏசி இல்லாம கதவை மூடினா மூச்சு முட்டுமே"ன்னு ஒரு பதில் வரும். 2025 ஜூன்ல மும்பை பக்கம் மும்ப்ராவுல, வளைவுல தொங்கினவங்க விழுந்து செத்த பிறகு ரயில்வேயே அதுக்கு வழி சொல்லிடுச்சு: கதவுல காற்றுப் பட்டை, கூரையில காற்றோட்டம், பெட்டிக்குப் பெட்டி நடக்க வழி. மும்பைக்கு வரைஞ்ச அதே படத்தைத் தாம்பரம் தடத்துக்கும் கேளுங்க. கூடவே காலை நேரத்துக்கு ரெண்டு ரயில் அதிகமா.