பச்சை சோயாவை ஆட்டுக்குப் போடலாமா?

"விலை போகாத சோயா மொச்சையை ஊறவைத்து, பத்து வெள்ளாடுகளுக்கும் குட்டிகளுக்கும் போட்டேன். ஒரு வாரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல். பெரிய ஆடுகள் சோளத்தட்டை முன்போலத் தின்பதில்லை. சோயா ஆட்டுக்கு ஆகாதா?"
- உடுமலைப்பேட்டை பகுதி வாசகர்

ஆகும். ஆனால் பச்சையாகவும் அளவில்லாமலும் போட்டால் இப்படித்தான் திருப்பிக் கொடுக்கும்.

சோயாவில் புரதம் 36 முதல் 40 சதவிகிதம், எண்ணெய் 18 முதல் 20 சதவிகிதம். பச்சைப் பருப்பில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. ஊறவைத்தால் மட்டும் அது போகாது. பெரிய ஆட்டின் அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். பால் குடிக்கும் குட்டிக்கு அந்த வயிறு இன்னும் வேலைக்கு வரவில்லை. குட்டிகளுக்கு இன்றே நிறுத்துங்கள். கழிச்சலுக்குப் பூச்சி, ரத்தக் கழிச்சல் நோய் என வேறு காரணங்களும் உண்டு. குட்டிகளைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். நான் பயிர்க்காரன், மருந்து சொல்ல மாட்டேன்.

பெரிய ஆடுகள் தட்டை ஒதுக்குவதற்கு எண்ணெய்தான் காரணமாக இருக்கும். அது தட்டின் நாரில் படிந்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை மந்தமாக்கும். தட்டு வயிற்றிலேயே தங்கும், பசி எடுக்காது. ஆடு தின்னும் மொத்த உலர்தீவனத்தில் கொழுப்பு 6 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 25 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு 40, 50 கிராம் சோயா போதும். 20 கிராமில் தொடங்கி, பத்து நாளில் மெல்ல ஏற்றுங்கள்.

கொடுக்கும் முன் கடலை வறுப்பதுபோல மணலில் வறுத்து, பச்சை வாசனை போனதும் ஆறவைத்து ஒன்றிரண்டாக உடையுங்கள். கருகவிட்டால் புரதமும் கெட்டுவிடும். பச்சை சோயாவின் புரதம் அசைபோடும் வயிற்றில் சீக்கிரம் கரைந்து அமோனியாவாகி, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். பக்குவமாக வறுத்தால் ஒரு பங்கு புரதம் தப்பிச் சிறுகுடலில் செரித்து உடம்பில் ஒட்டும். கூடவே உடைத்த மக்காச்சோளமோ கம்போ சேருங்கள். யூரியா தெளித்த வைக்கோல் போடும் வீட்டில் பச்சை சோயா வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் அமோனியா நஞ்சாகும்.

மூட்டையை ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டவிழ்ந்த இரண்டு கிடாய்கள் இரவில் சோயா மூட்டையைக் கிழித்துத் தின்று, விடியும்போது வயிறு உப்பிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பிழைத்தது.

விலை ஏறினால் பருப்பை விற்றுவிட்டு சோயா பிண்ணாக்கு வாங்கலாம். அதில் எண்ணெய் குறைவு, புரதம் அதிகம், வறுக்கும் வேலையும் இல்லை.