இழுக்க டர்போ, இளிக்க சூப்பர்சார்ஜர்

வண்டி பத்தி எழுதினாலே சண்டை வரும்னு தெரியும். இருந்தாலும் ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருக்கற விஷயம், இன்னைக்கு எழுதிடறேன். நான் மெக்கானிக் இல்லை. கொலராடோவில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். லீவு கிடைச்சா கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கிட்டு மலை ஏறிடுவேன். அந்தத் தகுதி மட்டும்தான்.

முதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர்ல ட்ரக்னா லாரி. அமெரிக்காவில் ட்ரக்னா பெரும்பாலும் பிக்கப். முன்னால குடும்பம் உட்காரும், பின்னால திறந்த தொட்டி. அதுக்கும் பின்னால படகு, கேம்பர், குதிரை ஏத்தற டிரெய்லர்னு எதையாவது மாட்டி இழுப்பாங்க. நம்மாளுங்களும் இப்ப நிறைய பேர் பிக்கப் வாங்கறாங்க. வாங்கி, ஒரு தடவை மேடு ஏறிப் பார்த்ததும் வர்ற கேள்விதான் இந்தப் பதிவு: "இஞ்சின் திணறுது மச்சி, சூப்பர்சார்ஜர் போடவா, டர்போ போடவா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். டிரெய்லர் இழுக்கறதுதான் வேலைன்னா டர்போ. அதுவும் கம்பெனியே போட்டு வித்த டர்போ. வெளியில வாங்கி மாட்டறதா இருந்தா, ரெண்டுமே வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

ரெண்டுக்கும் வேலை ஒண்ணுதான். இஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்பறது. காத்து அதிகம் போனா பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், சக்தி கூடும். சூப்பர்சார்ஜர் பெல்ட் மூலமா இஞ்சின் சுழற்சியிலேயே ஓடும். டர்போ, வெளியே போற புகையோட வேகத்துல ஓடும். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனா எல்லாச் சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்குது.

சூப்பர்சார்ஜருக்கு நியாயமா சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துடலாம். காலை வெச்ச உடனே இழுக்கும், காத்திருக்க வேண்டாம். சிக்னல்ல பச்சை விழுந்ததும் முகத்துல ஒரு இளிப்பு வரும் பாருங்க, அதுக்கு ஈடு இல்லை. ஏரிக்கரைச் சரிவுல இருந்து படகை மேல இழுக்கறதுக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா இதுலயும் வகை இருக்கு. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் குறைஞ்ச வேகத்துலயே காத்தைத் தள்ளும். சென்ட்ரிஃப்யூகல் வகையில இஞ்சின் வேகம் ஏற ஏறத்தான் அழுத்தம் ஏறும். பாரம் இழுக்க அதைப் போய் மாட்டறது, மாட்டு வண்டிக்குப் பந்தயக் குதிரை கட்டற மாதிரி.

இப்ப மலைக்கு வருவோம். டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில ஐசனோவர் சுரங்கம் இருக்கு. உயரம் சுமார் 11,158 அடி. சில்வர்தார்ன் பக்கத்துல இருந்து அதுக்கு ஏறணும்னா சுமார் 8 மைல், 7 சதவீதம் வரைக்கும் ஏற்றம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ட்ரக், டிரெய்லர், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 13,000 பவுண்டுன்னு வைங்க. 7 சதவீத ஏற்றத்துல 60 மைல் வேகத்துல போக, எடையை மேல தூக்கறதுக்கு மட்டுமே சுமார் 145 குதிரைசக்தி வேணும். காத்தோட எதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தா 200-ஐத் தொடும். அதை ரெண்டு செகண்டு இல்லீங்க, எட்டு நிமிஷம் விடாம கொடுக்கணும்.

சூப்பர்சார்ஜர் கிட்டுக்கும் இழுக்கற வேலைக்கும் இங்கேதான் ஒத்து வராம போகுது. அதைச் சுத்தறதுக்கே இஞ்சின் தன் சக்தியில ஒரு பங்கைக் கொடுக்கணும். அமுக்கின காத்து சூடாகும். கிட்டு போடற பெட்ரோல் இஞ்சின் பெரும்பாலும் அது இல்லாம ஓடறதுக்காக வடிவமைச்சது, கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகம். முந்திப் போற நாலு செகண்டுக்குத் தாங்கற சூடு, எட்டு நிமிஷத்துல வேற கதை. இஞ்சின் 'நாக்' ஆகாம இருக்க கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னால தள்ளும். காசு கொடுத்து வாங்கின சக்தி, வேணும்ங்கற இடத்துல கைக்கு வராது.

அடுத்தது உயரம். டர்போ இல்லாத சாதா இஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 11,000 அடியில மூணுல ஒரு பங்கு போச்சு. கடல் மட்டத்துல 360 குதிரை இருந்த இஞ்சின் அங்கே 240 குதிரைதான். கியர், ஆக்ஸில்ல போறது போக, மேல சொன்ன 200-க்கு மூச்சு வாங்கும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இஞ்சினை இதே கொலராடோவில் 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரை கொடுத்த இஞ்சின் மேலே 230-க்கு இறங்கிடுச்சு. டர்போ போட்டதும் 356. இழந்ததைத் திரும்ப வாங்கினதோட, கொஞ்சம் வட்டியும் வந்துச்சு :-)

காரணம் எளிது. காத்து மெலிஞ்சா டர்போ இன்னும் வேகமா சுத்தி ஈடு கட்டும், அதோட எல்லை வரைக்கும். சூப்பர்சார்ஜரோட வேகத்தை புல்லி அளவு முடிவு பண்ணிடுது. வெளியே காத்து மெலிஞ்சா உள்ளே போறதும் அதே விகிதத்துல மெலியும்.

அடுத்து முறுக்கு. சாப்பிடற முறுக்கு இல்லீங்க, முறுக்கு விசை, அதாவது டார்க். இப்போதைய ஃபோர்டு எஃப்-150-ல ரெண்டு இஞ்சினை எடுத்துக்கங்க. 5.0 லிட்டர் வி8, 3.5 லிட்டர் ட்வின் டர்போ வி6. ரெண்டும் 400 குதிரைதான். ஆனா வி8-க்கு டார்க் 410 பவுண்டு-அடி, அதுவும் 4,250 ஆர்.பி.எம்.ல. டர்போ வி6-க்கு 500, 3,100-லயே. மேடு ஏறும்போது வி8 கியரைக் குறைச்சுக் குறைச்சுக் கத்தும், டர்போ தன் பாட்டுக்குப் போகும். 1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த கம்மின்ஸ் டர்போ டீசலுக்கு வெறும் 160 குதிரைதான், டார்க் 400. அதை வெச்சே பண்ணைக்காரங்க பாதி அமெரிக்காவை இழுத்தாங்க.

இதைப் பாருங்க. 2021 மாடல் ராம் டிஆர்எக்ஸ், சூப்பர்சார்ஜர் போட்டது, 702 குதிரை. இழுக்க அனுமதி 8,100 பவுண்டு. 2023 மாடல் ராப்டர் ஆர், அதுவும் சூப்பர்சார்ஜர், 700 குதிரை, 8,700 பவுண்டு. 2011 எஃப்-150 டர்போ வி6, 365 குதிரை, 11,300 பவுண்டு வரைக்கும். சூப்பர்சார்ஜரால குறைஞ்சுதுன்னு நான் சொல்லலை. மணல்ல பறக்கறதுக்கான மெத்து சஸ்பென்ஷன்தான் முக்கியக் காரணம். நான் சொல்ல வர்றது, இழுக்கற எடையைக் குதிரைசக்தி முடிவு பண்றது இல்லை.

இறக்கத்தை யாருமே யோசிக்கறது இல்லை. ஏறுறதை விட இறங்கறதுதான் ஆபத்து. டீசல் டர்போவில் உள்ளே இருக்கற இறக்கைகளை மூடிப் புகையைத் தடுத்து, இஞ்சினையே பிரேக்கா மாத்தலாம். ராம் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 2007-லயே இந்த வசதியோட வந்துடுச்சு. பிரேக் காய்ஞ்சு வாசனை வர்ற அனுபவம் இருக்கறவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும். சூப்பர்சார்ஜர் இதுல ஒரு உதவியும் பண்ணாது.

டர்போவும் உத்தமன் இல்லை. பாரம் இழுக்கும்போது பெட்ரோல் டர்போ நல்லாக் குடிக்கும். ஆயில் மாத்தறதுல சோம்பேறித்தனம் ஆகாது. மேடு ஏறி நிறுத்தினதும் உடனே சாவியைத் திருப்பாம ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆற விடணும். டீசல்னா விலையும் பராமரிப்பும் ஜாஸ்தி.

சரி, ஏன் வெளிக் கிட்டு வேண்டாம்னு சொல்றேன்? போன மாசம் நண்பன் ஒருத்தன், ரெண்டு குழந்தைக்கு அப்பா, டர்போ இல்லாத வி8 ட்ரக்குக்கு சூப்பர்சார்ஜர் போட விலை கேட்டுட்டு வந்தான். "இதைப் போட்டா 9,000 பவுண்டு கேம்பர் தாராளமா இழுக்கலாம்"னு கடையில சொல்லியிருக்காங்க. வண்டியோட அனுமதி 7,600. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அந்த அனுமதி இஞ்சினை மட்டும் வெச்சுப் போட்டது இல்லை. பிரேக், ஃபிரேம், ஆக்ஸில், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாத்தையும் பார்த்துப் போட்டது. ஜே2807-ங்கற தரத்தின்படி அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றத்துல, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல, ஏ.சி.யை முழுசா வெச்சு, சுமார் 11 மைல் ஏத்திப் பார்ப்பாங்க. பிரேக்கையும் நிறுத்திப் பார்ப்பாங்க. சூப்பர்சார்ஜர் போட்டா இதுல ஒண்ணு கூட மாறாது. கதவோரம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எண் அப்படியேதான் இருக்கும். 9,000 பவுண்டு டிரெய்லரோட மூக்கு மட்டும் 900-ல இருந்து 1,350 பவுண்டு வரைக்கும் ட்ரக் மேல உட்காரும். அதுல நாலு பேரும் கூலரும் சைக்கிளும் ஏறணும். மேல ஏத்தற சக்தியை வாங்கிடலாம், கீழே நிறுத்தற சக்தியை எந்தக் கடையில வாங்கறது?

அவனுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். ஒண்ணு, ஸ்டிக்கரைப் படி, டிரெய்லரை அதுக்குள்ள தேர்ந்தெடு. ரெண்டு, வண்டி அனுமதிக்குள்ளயே திணறுதுன்னா ஆக்ஸில் கியரைப் பாரு. 3.55-ல இருந்து 4.10-க்கு மாத்தினா சக்கரத்துல முறுக்கு சுமார் 15 சதவீதம் கூடும், இஞ்சினுக்குக் கூடுதல் அழுத்தம் இல்லாம. மூணு, கியர்பாக்ஸ் ஆயில் கூலரும் டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலரும் போடு. நாலு, அப்பவும் பத்தலைன்னா கிட்டுக்கு வெச்சிருக்கற காசைப் போட்டு, டர்போவோட வர்ற பெரிய ட்ரக்குக்கு மாறு. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கான். கேம்பருக்கு அட்வான்ஸ் கொடுக்கலை, அது வரைக்கும் நிம்மதி.

சூப்பர்சார்ஜர் ரசிகர்களே, அடிக்க வராதீங்க. ஞாயித்துக்கிழமை காலியா ஓட்டற ட்ரக்குல அதைப் போட்டுக்கிட்டு நல்லா இளிங்க, நானும் பக்கத்து சீட்ல உட்கார்ந்து இளிக்கிறேன். பின்னால டிரெய்லரும் உள்ளே பிள்ளைங்களும் இருக்கறப்ப மட்டும் வேண்டாம். மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல திட்டலாம், ஆனா எண்ணோட திட்டுங்க :-)

கொசுறு: டிரெய்லர் வாங்கப் போறவங்க, விளம்பரத்துல போட்டிருக்கற காலி எடையை நம்பாதீங்க. தண்ணி, கேஸ், பாத்திரம், துணி எல்லாம் ஏத்தி, எடை மேடையில நிறுத்திப் பாருங்க. லாரிகள் நிக்கற ட்ரக் ஸ்டாப்கள்ல எடை மேடை இருக்கும். சில டாலர் செலவு, நிம்மதியான தூக்கம்.