முன்பணம் தருமுன் சட்டம் தெரியட்டும்



முதல் முறையாக அடுக்குமாடி வீடு வாங்கும் பலர், மாதிரி வீட்டைப் பார்த்த மகிழ்ச்சியிலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமான ‘ரெரா’ தரும் பாதுகாப்பு பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது இச்சட்டத்தின் 13ஆவது பிரிவு. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அதே திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

திட்டத்தின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் என்பதால், தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துப் பெறுவதும் அவசியம்.

இந்த விவரங்களை எளிய தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் வீட்டுக்கடன் தரும் வங்கிக் கிளைகளிலும் கிடைக்கச் செய்ய அரசு முன்வர வேண்டும். வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் ஒப்படைக்கும் மக்களுக்கு, கையெழுத்திடும் முன்பே இவை தெரிய வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி