பெயின்ற் அடிச்சால் மழை நிக்காது

பம்பலப்பிட்டியில வாடகைக்கு வீடு தேடுற ஆக்களுக்கு முதல்லயே ஒண்டு சொல்லுறம். பெப்ரவரி மாசத்தில வீடு பார்க்காதேங்கோ. பார்க்கத்தான் வேணுமெண்டால், புதுப் பெயின்ற் எங்க அடிச்சிருக்கு எண்டு கவனியுங்கோ. முழு வீட்டுக்கும் அடிக்காமல் மேற்குப் பக்கச் சுவருக்கும் சிலாப்பின்ர ஒரு மூலைக்கும் மட்டும் அடிச்சிருந்தால், போன மழைக்கு அங்கதான் ஒழுகியிருக்கு.

நாங்கள் இதை மே மாசத்திலதான் கண்டுபிடிச்சம். காலி வீதிக்குக் கடற்பக்கமா, ஒரு பழைய தொடர்மாடியில நாலு பேராச் சேர்ந்து எடுத்த வீடு. ஆறு மாச அட்வான்ஸ். முதல் பெரிய மழை வந்த இரவு, ஹோல் மூலையில இருந்து தண்ணி சுவர் வழியா இறங்கிப் பிளக் பொயின்றுக்குள்ள போச்சுது. ட்ரிப் சுவிச் விழுந்தது. இருட்டுக்குள்ள வாளி தேடினம். விடிஞ்ச உடன வீட்டுக்காரருக்குக் கோல் எடுத்தம். "தம்பி, மழைக்க ஒண்டும் செய்யேலாது. மழை விடட்டும்" எண்டார். மழை விட்டது. திரும்ப எடுத்தம். "இப்பதான் மழை இல்லையே தம்பி, பிறகென்ன அவசரம்?"

இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவிலதான் கொழும்பில வாடகைக்கு இருக்கிற எங்கட வாழ்க்கை ஓடுது. அதனால இதை நேராவே எழுதுறம். மழைக்கு முதல் வீட்டைத் தயார்படுத்திக் குடுக்கிறது வீட்டுக்காரர் செய்யிற உதவி இல்லை. நாங்கள் குடுக்கிற வாடகைக்குள்ள அடங்கின விசயம். அதைக் கேக்காமல் இருக்கிறதை நாங்கள் மரியாதை எண்டு சொல்லிக்கொள்ளுறம். அது மரியாதை இல்லை, பழகிப்போன பயம்.

மழை கொழும்புக்குத் திடீர் விருந்தாளி இல்லை. வருசத்துக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் பெய்யிற நகரம் இது. மழை நகரம் எண்டு எல்லாரும் சொல்லுற லண்டனில அது சுமார் 600 மட்டும்தான். மே மாசத்தில தென்மேற்குப் பருவக்காற்று, பிறகு ஒக்ரோபர், நவம்பரில இன்னொரு பெருமழை. தென்மேற்குக் காற்று மழையைக் கடலில இருந்து சரிச்சு அடிக்கும். அதால பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீடுகளில முதல்ல நனையிறது மேற்குச் சுவரும் யன்னல் ஓரமும்தான். உப்புக்காற்று வேற. கொங்கிறீற்றுக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு வீங்க, மேற்பூச்சு வெடிக்குது. அந்த வெடிப்புக்குள்ள தண்ணி போய் இன்னும் துருவாக்குது. இதுக்கு மேல பெயின்ற் அடிக்கிறது புண்ணுக்குப் பவுடர் போடுற மாதிரி.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானமும் இல்லை. ஏப்ரலிலயும் செப்டெம்பரிலயும் ஒரு நாள் ஆளைக் கூட்டிவந்து சிலாப்பில தண்ணி தேங்குதா எண்டு பார்க்கவேணும். பீலியில கிடக்கிற இலை குப்பையை அள்ளவேணும். வெடிப்பை அடைச்சு, ஒழுக்குப் பிடிக்காத பூச்சுப் பூசவேணும். நனையிற சுவரில இருக்கிற வயரையும் ட்ரிப் சுவிச்சையும் எலக்ட்ரீசியன் ஒருத்தர் சோதிக்கவேணும். பல்கனித் தண்ணிக் குழாயைத் துப்பரவா வச்சிருக்கிறது, பூச்சாடித் தட்டில தண்ணி தேங்க விடாமல் பார்க்கிறது எங்கட வேலை. அதைச் செய்யிறம். ஆனால் கூரையும் சிலாப்பும் வெளிச்சுவரும் வயரிங்கும் எங்கட இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நுளம்பு பெருகாமல் வளவை வச்சிருக்கிற பொறுப்பை உரிமையாளர் மேலயோ குடியிருப்பவர் மேலயோ போடுது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டேக்க வீட்டில நிக்கிறது ஆர்? நாங்கள். அடைபட்ட பீலி அவற்ற, பதில் சொல்லுறது நாங்கள். காய்ச்சல் வாறதும் எங்களுக்குத்தான். 2017இல நாடு முழுக்க 1,80,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான வருசத்தை மறக்கேலாது. பிறகு 2023இல இன்னொரு சட்டம் வந்தது. குத்தகைக்குக் குடுத்த இடத்தின் உடைமையை விரைவாகத் திரும்பப் பெறுவதற்கான சட்டம். வீட்டைத் திருப்பி எடுக்கிறதுக்கு இருக்கிற விரைவு, ஒழுக்கை அடைக்கிறதுக்கு ஏன் இல்லை?

பயம் எங்க இருந்து வந்தது எண்டும் கதைக்கவேணும். எங்கட அம்மா அப்பாக்கள் கொழும்பில வாடகைக்கு இருந்த காலத்தில, வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிசில பதியவேணும். 2007 ஜூன் 7 விடியப்புறம், கொழும்பு லொட்ஜுகளில தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்ஸில ஏத்தி நகரத்தை விட்டே அனுப்பினாங்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அந்தக் காலத்தில வாடகை உடன்படிக்கை எண்டது இந்த ஊரில நிக்கிறதுக்கான அத்தாட்சியும்தான். அதில கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரரோட ஆர் பீலியைப் பற்றிக் கதைப்பினம்? "வீடு கிடைச்சதே பெரிசு, வாயை மூடிக்கொண்டிரு." அந்த வசனத்துக்கு அப்ப காரணம் இருந்தது. அதையே நாங்கள் இப்பவும் சொல்லுறதுக்கு என்ன காரணம்?

இன்னொரு விசயம் கொஞ்சம் நோகும். எங்கட வீட்டுக்காரரில கனபேர் எங்கட ஆக்கள்தான். சில பேர் டொரோண்டோவில, லண்டனில. அங்க குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார்படுத்தாமல் வாடகைக்கு விடேலாது. டொரோண்டோவில வீட்டுக்காரர் சூடு குடுக்கிற வீடெண்டால், குளிர்காலத்தில உள்ள குறைஞ்சது 21 பாகை செல்சியஸ் இருக்கவேணும் எண்டு மாநகர விதி இருக்கு. இங்கிலாந்தில றொச்டேல் எண்ட ஊரில, 2020 டிசம்பரில, அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுப் பிள்ளை வாடகை வீட்டுப் பூஞ்சணத்தால செத்துப்போச்சு. பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்ட தகப்பனுக்கு முதல்ல கிடைச்ச பதில், அதுக்கு மேல பெயின்ற் அடியுங்கோ எண்டதுதான். அந்தப் பிள்ளையின்ர பேரிலயே பிறகு சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27இல இருந்து, அங்க சமூக வீடுகளை நடத்துற நிர்வாகங்கள் அவசர ஆபத்தை 24 மணித்தியாலத்துக்குள்ள கவனிக்கவேணும். அங்க இந்த ஒழுங்குகளுக்குள்ள வாழுறவருக்கு, பம்பலப்பிட்டி வீட்டுச் சுவர் மட்டும் ஏன் "சின்ன விசயம்"?

மறுப்புகளும் கேட்டனாங்கள். "வாடகையை மட்டும் நம்பி இருக்கிற வயசான அன்ரிமார் என்ன செய்வினம்? 2022க்குப் பிறகு சீமெந்து என்ன விலை?" நியாயமான கேள்வி. அப்பிடியான அன்ரியோட இருந்து கணக்குப் பார்ப்பம், செலவைத் தவணையா வாடகையில கழிப்பம். ஆனால் வருசா வருசம் வாடகையைக் கூட்டிக்கொண்டு, சிலாப்பில ஒரு பை சீமெந்தும் போடாத ஆக்கள் அந்த அன்ரியின்ர பின்னால ஒளிக்கக்கூடாது.

"டித்வா புயலில சனம் வீட்டோட போச்சு, உங்களுக்கு ஒரு ஒழுக்கா பிரச்சினை?" எண்டும் கேக்கினம். 2025 நவம்பர் கடைசியில 600க்கும் மேற்பட்ட உயிர் போனது. மலையகத்தில மண்ணுக்குள்ள போன லயங்களோட எங்கட ஹோல் மூலையை நாங்கள் ஒப்பிட மாட்டம். ஆனால் அந்தப் புயல் சொன்னதும் இதைத்தான். மழை வந்த பிறகு செய்யிறது நிவாரணம். மழைக்கு முதல் செய்யிறதுதான் பாதுகாப்பு.

சரி, தனியாக் கேட்டால் "பிடிக்காட்டி எழும்புங்கோ" எண்டு சொல்லுவினம். அதால சேர்ந்து கேப்பம். ஒரே படிக்கட்டில நாலு வீடு ஒழுகினால், நாலு கோல் வேண்டாம், ஒரே கடிதம் போதும். திகதி போட்ட படங்களோட, வட்ஸ்அப்பில மட்டும் இல்லாமல் பதிவுத் தபாலிலயும் அனுப்புவம். உடன்படிக்கை புதுப்பிக்கேக்க சட்டத்தரணியிட்டக் காட்டி இந்தப் பந்தியைச் சேர்க்கச் சொல்லுவம்:

"ஏப்ரல், செப்டெம்பர் மாதங்களில் கூரை, சிலாப், பீலி, வெளிச்சுவர், மின் இணைப்பு ஆகியவற்றை வீட்டுரிமையாளர் தன் செலவில் பரிசோதித்துத் திருத்திக் கொடுப்பார். ஒழுக்கு அறிவிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் திருத்தப்படாவிட்டால், வாடகையாளர் அதைத் திருத்தி, பற்றுச்சீட்டைக் கொடுத்து, அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்."

ரெண்டே வசனம். கையெழுத்துப் போட முதல் கேட்டால் கேக்கலாம். போட்ட பிறகு வாளிதான்.

எங்கட உடன்படிக்கை வாற மாசம் முடியுது. இந்தப் பந்தியை அச்சடிச்சு வச்சிருக்கிறம். வீட்டுக்காரர் இப்பவே பெயின்ற் பாஸைக் கூப்பிட்டிட்டாராம். வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறம், முதல்ல சிலாப்பைப் பார்ப்பம் எண்டு.