பீடத்தைக் காணாத தொண்டர்



அடுத்த உலக இளையோர் தினம் 2027-ஆம் ஆண்டில் கொரிய நாட்டின் சியோல் நகரில் நடைபெறும் என்று, 2023 ஆகஸ்டில் லிஸ்பன் மாநகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். அதன் பின்னர் பங்கு இல்லத்துக்குப் புதிய வேண்டுகோள் ஒன்று வரலாயிற்று. "சாமி, எங்கள் மகன் அங்கே தொண்டனாகப் போக விரும்புகிறான். தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தரவேண்டும்" என்பார் தந்தை. "திருத்தந்தையைப் பக்கத்தில் நின்று பார்ப்பானே!" என்று பூரிப்பார் தாய். அந்தத் தாயின் பூரிப்பைக் கெடுக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொண்டராகச் செல்வோரில் பெரும்பாலோர்க்கு முதலில் கைவிட்டுப் போவது அந்தக் காட்சிதான்.

இத்தகைய கூட்டங்களின் தொடக்கம் சிறியதன்று. 1985 அனைத்துலக இளைஞர் ஆண்டாக இருந்தது. அவ்வாண்டின் குருத்து ஞாயிறன்று உரோமையில் இளைஞர்களைத் திரட்டிய புனித திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், ஆண்டு முடியுமுன் இந்நாளை நிலையாக ஏற்படுத்தினார். 1987-இல் புவனோஸ் ஐரிசில் கூடினர். 1995-இல் மணிலாவில் கடல்போல் திரண்டனர். லிஸ்பன் மாநாடு 2023 ஆகஸ்டு 1 முதல் 6 வரை நடந்தது. இறுதித் திருப்பலிக்கு வந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் எனக் கணக்கிட்டனர். தொண்டர்கள் சுமார் 25,000 பேர். வகுத்துப் பாருங்கள்: ஒரு தொண்டருக்கு 60 பேர்!

அத்திருப்பலி நடந்த இடம் தேஜோ ஆற்றங்கரை. ஒரு காலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட நிலத்தைச் சீர்செய்து அங்கே பீடம் அமைத்தார்கள். சனிக்கிழமை மாலைத் திருவிழிப்பு. இரவில் திறந்த வெளியில் உறக்கம். ஞாயிறு காலை திருப்பலி. மேலே ஆகஸ்டு மாதத்துக் கடும் வெயில். இத்தனை பெரிய கூட்டத்தில் தொண்டருக்கு என்ன வேலை? தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுவது, உணவுப் பொதிகளை எடுத்துக் கொடுப்பது, மயங்கி விழுந்தவரை மருத்துவரிடம் சேர்ப்பது, மொழி தெரியாமல் விழிப்பவருக்கு மொழிபெயர்ப்பது, தடுப்பு வேலி ஓரத்தில் மணிக்கணக்காக நின்று வழியை அடைபடாமல் காப்பது. வேலியோரம் நிற்பவர் மக்களை நோக்கித்தான் நிற்க முடியும். பீடம் அவருக்குப் பின்னால் இருக்கும். எழுந்தேற்றத்தின்போதும் அவர் கண் முன்னே தெரிவது கூட்டமே.

இதை இழப்பென்று கருதுவோர் குறிப்பேடு முதல் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். பெயர்ப் பட்டியல் என்று நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதி அது. இறைவனின் இல்லத்து வாயிற்காவலர் 212 பேர் என்று எண்ணிக்கை பிசகாமல் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசைகளிலும் அவர்கள் நின்றார்கள். காவல் நிற்பவன் வெளியே பார்க்கவேண்டியவன் அல்லவா? அவர்களும் திருவிடத்தைப் பின்னால் வைத்தே நின்றிருப்பார்கள். ஆயினும் திருவழிபாட்டுக்கு உரியவர்களோடுதான் அவர்களைச் சேர்த்து எண்ணினார் நூலாசிரியர்.

உழைப்பு வீணாவதும் உண்டு. 2013 ஜூலையில் ரியோ டி ஜெனிரோ மாநாட்டின்போது நடந்ததைச் சொல்கிறோம். குவாரத்திபா என்னும் இடத்தில் திருவிழிப்புக்கும் இறுதித் திருப்பலிக்குமாகப் பரந்த வெளி ஒன்றைச் சித்தப்படுத்தியிருந்தார்கள். விடாமழை பெய்து அந்த வெளி முழுவதும் சேறாயிற்று. திருவிழிப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, எல்லாம் கோப்பகபானா கடற்கரைக்கு மாற்றப்படும் என அறிவித்தனர். பழைய இடத்துக்காகத் தீட்டிய திட்டங்களும், மனனம் செய்த வழிகளும் ஒரே நாளில் பயனற்றுப் போயின. உண்மையான விசுவாச வயல் ஓர் இடமன்று, அந்த இளைஞர்களே என்று திருத்தந்தை பிரான்சிஸ் அன்றிரவு அதற்குப் பொருள் கண்டார். பொருள் அழகியது. ஆனாலும் ஆயத்தமான நிலத்தை விட்டுவிட்டு, முணுமுணுக்காமல் கடற்கரையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய தொண்டர்களையே நாம் அதிகம் நினைத்துப் பார்க்கிறோம்.

லிஸ்பன் மாநாட்டின் மையக் கருத்து, கன்னி மரியாள் எலிசபெத்தம்மாளின் இல்லத்துக்கு விரைந்து சென்றது. விரைவைப் பற்றிப் பிரசங்கங்கள் பல கேட்டிருப்பீர்கள். அங்கே அவர் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்பதையும் புனித லூக்காஸ் எழுதியிருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் செய்த வேலை ஒன்றையேனும் அவர் குறிக்கவில்லை. முதிர்வயதில் கருவுற்ற பெண்ணின் வீட்டில் என்ன வேலை இருந்திருக்கும் என்பதை நம் தாய்மாருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இனி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். தொண்டருக்கு ஊதியம் கிடையாது. பயணச் செலவு பொதுவாக அவருடையதே. இதற்காகத் தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைக்க நினைத்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். வேண்டாம் என்றோம். திருப்பயணத்துக்குக் கடன் வாங்கலாகாது என்று திருச்சபைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மாத இறுதியில் வட்டிக்காரர் வந்து சொல்வார். இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறோம். முந்தைய மாநாடுகளுக்கு விசா பெற்றுச் சென்றவருள் சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டனர் என்ற செய்திகள் வந்ததுண்டு. அந்த எண்ணத்தோடு கடிதம் கேட்பவர், தமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஏழை இளைஞனின் விசாவைப் பறிக்கிறார். அது களவு. அதற்குப் பங்குக் குருவின் முத்திரை கிடையாது.

"மகன் போகட்டும் சாமி, மகள் வேண்டாம்" என்போருக்கும் ஒரு சொல். மலைநாட்டுக்குப் புறப்பட்ட நாசரேத்துக் கன்னிக்குத் துணையாக யார் சென்றார் என்று நற்செய்தி கூறவில்லை. தங்கும் இடம் எது, உடன் செல்வோர் யார், மறைமாவட்டத்தின் சார்பில் பொறுப்பேற்பவர் யார் என்று நன்கு விசாரியுங்கள். அது பெற்றோர் கடமை. விசாரித்துத் திருப்தி அடைந்தபின்னும் தடுத்தால், அதற்குப் பெயர் வேறு.

நம் பங்கில் கடிதம் கேட்டு வருவோரை நாம் முதலில் ஓரிடத்துக்கு அனுப்புகிறோம். திருநாள் தேர்ப்பவனி இரவில் கோயிலின் பின்புறத் தண்ணீர்ப் பந்தல்தான் அது. அங்கிருந்து தேர் தெரியாது. மேளச் சத்தம் மட்டும் கேட்கும். இரவு பன்னிரண்டு மணிக்குமேல் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீடு செல்ல முடியும். கடந்த திருநாளுக்கு ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் கடிதம் கேட்டு வந்தவர் இருவர்; ஒருவர் பெண்பிள்ளை. இருவருக்கும் அப்போதே எழுதிக் கொடுத்தோம்.