கண்ணுக்குள் பூச்சியா?

நம் தமிழில் "பூச்சி" என்ற சொல்லுக்கு வேலை அதிகம். விளக்கைச் சுற்றிப் பறப்பதும் பூச்சி. சிறுபிள்ளையின் வயிற்றில் இருப்பதும் பூச்சி. அதற்குக் கொடுக்கும் குளிசைக்கும் பூச்சிக் குளிசை என்றே பெயர். ஆகவே வீட்டில் ஒரு பெரியவர் "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது" என்றால், கேட்பவர் மனம் புழுவுக்குத் தாவ அதிக நேரம் எடுப்பதில்லை. பேலியகொடையில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "புழு மாதிரி நெளியுது மகள், உள்ளுக்கு ஏதோ இருக்கு" என்பார் ஒருவர். "அது ஒண்டுமில்ல, வயசு" என்பார் மற்றவர். இந்த இரண்டு பேச்சுமே ஆபத்தானவை என்பது என் கருத்து.

நெளிவது என்ன என்பதை முதலில் பார்ப்போம். கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருப்பது கண்ணாடியுடனீர் என்னும் தெளிந்த கூழ். அதன் பெரும்பகுதி நீர். மீதியில் மெல்லிய நார்களும் உண்டு. வயது ஏற ஏறக் கூழ் இளகி, நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். வெளிச்சத்தில் அவற்றின் நிழல் விழித்திரையில் விழும். அந்த நிழலையே நாம் நூலாக, புள்ளியாக, புழுவாகக் காண்கிறோம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இது இள வயதிலேயே தெரியலாம். உற்றுப் பார்க்கப் போனால் நழுவி ஓடும். வெள்ளைச் சுவரிலும் பகல் வானத்திலும் தெளிவாகத் தெரியும். ஐரோப்பிய மருத்துவர்களும் இதற்கு லத்தீனில் வைத்த பெயர் "பறக்கும் ஈக்கள்" என்பதுதான். பூச்சியாகக் கண்டது நாம் மட்டுமல்ல.

அதற்காகப் புழுப் பயத்தைக் கேலி செய்யவும் எனக்கு மனமில்லை. ஏனென்றால் கண்ணில் புழு வருவது இலங்கையில் உண்மையாகவே நடப்பது. டைரோபிலேரியா ரெபென்ஸ் என்னும் நாய்களின் புழு, நுளம்புக் கடி வழியாகச் சில வேளை மனிதருக்கும் வந்துவிடுகிறது. இலங்கையில் இதுவரை நூற்றுக்கு மேற்பட்டோரிடம் இது பதிவாகியிருக்கிறது. அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. நம் நாட்டு ஒட்டுண்ணியியல் அறிஞர் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்க, விலங்குகளிலிருந்து மனிதருக்கு வரும் இவ்வகைப் புழுக்களைப் பற்றி 1979ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார். யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக 2016இல் நாம் அங்கீகாரம் பெற்றோம். ஆனால் நாயின் உடலில் வாழும் இந்த உறவுக்காரப் புழு இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஆனால் இந்தப் புழு தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் வேறு. அது பெரும்பாலும் தோலுக்கு அடியிலோ, இமையிலோ, கண்ணின் வெள்ளையை மூடிய மெல்லிய சவ்வுக்குக் கீழோ இருக்கும். வீக்கம், சிவப்பு, உறுத்தல் வரும். சில வேளை அது அசைவதைப் பக்கத்தில் நிற்பவரே காணலாம். வைத்தியர் சிறிய சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிடுவார். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நாயைத் தொட்டதால் வருவதுமில்லை. இடையில் நுளம்பு வேண்டும். எனவே தெருநாய்க்குக் கல்லெறிவதை விட்டுவிட்டு, தேங்கிய கானையும் பழைய டயரையும் பார்ப்பதே அறிவு. டெங்குக்காகச் செய்யும் அதே வேலைதான்.

பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் தெரியும் நெளிவு, பெரும்பாலும் நிழல்தான். "அப்படியானால் கவலையில்லையே" என்று கேட்பீர்கள். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

நெடுநாளாக இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் திடீரென்று புள்ளிகள் மழைபோல் பெருகினால், இருட்டில் மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தால், பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தது போல இருண்டால், விழித்திரை கிழிந்திருக்கலாம். அது கழன்றுகொண்டும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவரானால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். இவை எதுவும் வலிப்பதில்லை. வலியில்லாததை நாம் நோயாகக் கணக்கெடுப்பதுமில்லை. அதிலும் நம் வீட்டுப் பெண்கள், எல்லாருடைய காய்ச்சலுக்கும் மருந்து எடுத்துவிட்டு, தங்கள் கண்ணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பவர்கள். கிழிசலை நேரத்துடன் கண்டால் லேசர் மூலம் அடைத்துவிடலாம். விழித்திரை கழன்றபின் பெரிய சத்திரசிகிச்சை வேண்டும். பார்வை முழுவதும் திரும்பும் என்ற உறுதியும் இல்லை.

இந்த நேரத்தில் "புழு" என்ற நினைப்பு செய்யும் தீங்கு பெரிது. பூச்சிக் குளிசை விழுங்குகிறோம். தேன், பன்னீர், தாய்ப்பால் என்று கண்ணில் விடுகிறோம். முன்பு யாருக்கோ கொடுத்த துளி மருந்தைப் பார்மசியில் பெயர் சொல்லி வாங்குகிறோம். அதில் ஸ்டீரொய்ட் இருந்தால், நாட்கணக்கில் விடும்போது கண்ணின் அழுத்தம் கூடும், வெண்படலமும் வரலாம். நிழலை எந்தத் துளியும் கழுவாது. கிழிந்த விழித்திரையை எந்தக் குளிசையும் தைக்காது. போவது நாட்கள்தான். "ஒண்டுமில்ல" என்று சொல்லி வீட்டிலிருத்துவதும் அதே நாட்களைத்தான் பறிக்கிறது.

தோழியரே, நாம் வைத்தியர்கள் அல்ல. ஆனால் மூன்று கேள்விகள் கேட்க நமக்குத் தெரியும்: எப்போதிருந்து? திடீரென்று கூடியதா? மின்னலோ திரையோ தெரிகிறதா? கடைசி இரண்டில் ஒன்றுக்காவது "ஓம்" என்று பதில் வந்தால் அன்றே கண் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. பேலியகொடையிலிருந்து அது வெகுதூரமில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமும் இல்லை. கண்மணியை விரிக்கும் துளியை விட்டு வைத்தியர் உள்ளே பார்த்தால் புழுவா, நிழலா, கிழிசலா என்பது தெரிந்துவிடும். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், பூச்சி பறக்கும்வரை காத்திராமல் வருடம் ஒருமுறையாவது அந்தப் பரிசோதனையைச் செய்விக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை "கண்ணில் ஏதோ தெரிகிறது" என்றால் ஃபோன் பார்த்ததன் பலன் என்று ஏசி முடிக்காதீர்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பயப்படுபவரைப் பார்த்துச் சிரிப்பதும், அவரோடு சேர்ந்து பயப்படுவதும் எளிது. அவருடைய கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு பஸ் ஏறுவதே உதவி.